கணக்கு வருகிறது, கருத்து ஏன் வருவதில்லை?

கேள்வி: இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மின்புலம், மின்னழுத்தம் தொடர்பான கணக்குகளைத் தவறின்றிப் போட்டுவிடுகிறேன். ஆனால் அவை என்ன என்று யாரேனும் கேட்டால், சூத்திரத்தைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. அருவமான கருத்துகளை விளங்கிக்கொள்ளும் திறன் எனக்கு இல்லையா?

பதில்: திறனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூர், சிக்கலான மின்சுற்றுக் கணக்குகளைப் போட்டுவிடும் தம் மாணவர்களே எண்கள் இல்லாத எளிய கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்.

புதிய கருத்து வெற்று மனத்தில் வந்து அமர்வதில்லை. அனுபவம் முன்பே பதித்துவைத்த எண்ணங்களோடு அது மோத வேண்டியிருக்கிறது. சுண்டிவிட்ட நாணயம் மேலேறும்போது, காற்றுத் தடையை ஒதுக்கினால், அதன்மீது செயல்படுவது புவியீர்ப்பு விசை மட்டுமே. ஆயினும் 1982இல் வெளியான ஜான் கிளமென்ட்டின் ஆய்வில், பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் மேல்நோக்கிய விசை ஒன்றையும் சேர்த்தே வரைந்தனர். இயக்கவியல் பாடத்தை முடித்தவர்களிலும் பலர் அப்படியே செய்தனர்.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். ஒரு புள்ளியில் வைக்கப்படும் ஓரலகு நேர் மின்னூட்டம் உணரும் விசையே அங்குள்ள மின்புலம்; அதே மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து அங்கே கொண்டுவரச் செய்ய வேண்டிய வேலையே மின்னழுத்தம். சமமான இரு நேர் மின்னூட்டங்களின் நடுப்புள்ளியில் இரு தள்ளுதல்களும் ஒன்றையொன்று நீக்குவதால் புலம் சுழியாகிறது. ஆனால் அங்கே வந்து சேர விலக்கு விசையை எதிர்த்தே வர வேண்டியிருப்பதால் மின்னழுத்தம் சுழியாவதில்லை. ஒன்றை எதிர் மின்னூட்டமாக மாற்றினால், மின்னழுத்தம் சுழியாகிறது, புலமோ இருக்கிறது. இந்த இரு நிலைகளையும் சூத்திரமின்றி விளக்க முடிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். (புலத்தின் திசையைக் காட்டப் பாடநூல்களில் வரையும் புலக்கோடுகளை மட்டும் நம்பிவிடாதீர்கள், இரு கோடுகளுக்கு இடையிலும் புலம் உண்டு.)

எனவே கணக்கைத் தொடுமுன் விடை கூடுமா குறையுமா, எத்திசையில் அமையும் என்று ஊகித்துக் காரணத்தோடு எழுதிவையுங்கள். அதை உடன் படிப்பவரோடு விவாதியுங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உரையாடலுக்கு இடமளித்த வகுப்புகளின் கருத்துத்தெளிவு முன்னேற்றம், விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

முதல் பயிற்சியாக, மின்னூட்டம் பெற்ற உள்ளீடற்ற உலோகக் கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மின்புலம் சுழி என்பதை அறிவீர்கள். அப்படியானால் அங்கே மின்னழுத்தமும் சுழியா?