புட் ஒன்று கூடிவிட்டது

கேள்வி: நான் எழுதும் லினக்ஸ் டிரைவரில், போர்டின் வன்பொருளை விவரிக்கும் 'டிவைஸ் ட்ரீ' மரத்தின் கணுக்களை (நோட்) ஒவ்வொன்றாக எடுக்கும் 'ஃபார் ஈச் சைல்டு ஆஃப் நோட்' சுழலின் ஒவ்வொரு சுற்று முடிவிலும், நினைவகக் கசிவு வேண்டாமே என்று 'ஓஎஃப் நோட் புட்' சேர்த்தேன். என் போர்டில் சிக்கலே இல்லை. நண்பரின் போர்டிலோ 'பேட் ஓஎஃப் நோட் புட்' என்று பிழைச் செய்தி கொட்டுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அக்கறை சரி, இடம்தான் தவறு. ஒரு கணுவை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று லினக்ஸின் மையமான கெர்னல் எண்ணி வைக்கிறது; 'கெட்' அதை ஒன்று கூட்டும், 'புட்' ஒன்று குறைக்கும். அந்தச் சுழல் அடுத்த கணுவுக்குப் போகும்போதே முந்தைய கணுவின் எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடும். நீங்களும் குறைத்தால் சுற்றுக்கு ஒன்று கூடுதலாகக் கழிகிறது. கணக்கு பூஜ்யத்தைத் தொட்டதும், 'இந்தக் கணு இன்னும் மரத்தில்தானே இருக்கிறது' என்று கெர்னல் சத்தம் போடுகிறது. கணுவை அது விடுவிக்காததால் பிழைத்தீர்கள். வேறு பொருளாக இருந்தால், அந்த நினைவகம் கைமாறிய பிறகும் உங்கள் டிரைவர் அதையே தொட்டுக்கொண்டிருக்கும். கசிவைவிட அது பல மடங்கு மோசம்.

உங்கள் போர்டு ஏன் வாய் திறக்கவில்லை? 'ஓஎஃப் டைனமிக்' தேர்வு இல்லாமல் தொகுத்த கெர்னலில் கெட், புட் இரண்டுமே வெற்றுச் செயற்கூறுகள். நூறு புட் போட்டாலும் ஒன்றும் நடக்காது. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

புட் தேவைப்படுவது, சுழலிலிருந்து 'பிரேக்', 'ரிட்டர்ன்' என்று பாதியில் வெளியேறும் இடத்தில் மட்டுமே. 'கன்டினியூ'வுக்கு வேண்டாம்.

நான் ஏமாந்தது வேறோர் இடத்தில். சாதனத்தை விழிக்க வைத்து அதன் பயன்பாட்டு எண்ணிக்கையை ஏற்றும் 'பிஎம் ரன்டைம் கெட் சிங்க்' தோற்றால் எண்ணிக்கை ஏறியிருக்காது என்று நம்பி அப்படியே திரும்பினேன். தோற்றாலும் அது ஏறித்தான் இருக்கும்! சென்சார் அதன் பிறகு தூங்கவே இல்லை. இரண்டு நாள் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும் 'பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்' 2020இல்தான் வந்தது.

உங்கள் சுழலுக்கும் 2024இல் 'ஸ்கோப்டு' என்று முடியும் வடிவம் வந்துவிட்டது. எந்த வழியாக வெளியேறினாலும் அதுவே புட் போட்டுவிடும். புதிய கெர்னல் என்றால் அதற்கு மாறிவிடுங்கள். ஆனால் கண்டெடுத்த கணுவை உங்கள் ஸ்ட்ரக்டில் சேமித்து வைப்பதாக இருந்தால், தனியாக ஒரு கெட் எடுங்கள். அதற்கான புட்டை, டிரைவரைக் கழற்றும்போது ஓடும் 'ரிமூவ்' செயற்கூற்றில் இப்போதே எழுதிவிடுங்கள்.