சலத்துக்குத் தந்த குளிசை ஆளை விழுத்துமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புரொஸ்டேற் வீக்கத்துக்கு டெராசோசின் குளிசை 1 மில்லிகிராமில் தொடங்கி 5 வரை கூட்டினார்கள். சலம் நன்றாகப் போகிறது என்று பத்து நாள் போடாமல் விட்டார். பிறகு கஷ்டம் வர, மிச்சமிருந்த 5 மில்லிகிராமைப் போட்டார். அன்றிரவே மலசலகூடத்துக்குப் போக எழும்பியவர் முற்றத்தில் விழுந்துவிட்டார். பிரஷருக்கு லொசாட்டனும் எடுக்கிறார். திரும்பவும் கொடுக்கலாமா?
– மகள், ஒட்டுசுட்டான்

பதில்: வைத்தியரிடம் காட்டும்வரை கொடுக்காதீர்கள். விழுந்ததில் தலை அடிபட்டிருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

டெராசோசின் பிரஷருக்கும் கொடுக்கிற மருந்து. சலப்பையின் கழுத்திலும் புரொஸ்டேற்றிலும் இறுகிக்கிடக்கும் தசையைத் தளர்த்துவதால் சலம் இலகுவாகப் போகும். இரத்தக் குழாய்களையும் அது தளர்த்தும். படுத்தவர் சட்டென்று எழும்பினால் இரத்தம் காலுக்கு இறங்கி, கண் இருட்டும். உடம்பு பழகட்டும் என்றுதான் 1 மில்லிகிராமில் தொடங்குவது. சில நாள் விட்டாலே அந்தப் பழக்கம் போய்விடும். மறுபடி 1 மில்லிகிராமிலிருந்து, படுக்கப்போகும் நேரத்தில்தான் தொடங்க வேண்டும். அப்பா நேரே 5 போட்டார், லொசாட்டனும் கூட இருந்தது. அதற்காக லொசாட்டனை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இந்தக் குளிசை வீக்கத்தை வற்றவைக்காது. சுகமாயிற்று என்று விட்டால் கஷ்டம் திரும்பி வரும். அப்பாவுக்கு இதை இருத்திவைத்துச் சொல்லுங்கள்.

இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் இருக்கட்டும். முற்றம் தாண்டிப் போகவிடாமல் அறைக்குள்ளேயே ஒரு வாளி வையுங்கள். வெட்கம் பார்க்கிற விஷயமில்லை இது. வயலில் வெயிலில் நின்று வேர்த்த நாளில் பிரஷர் இன்னும் இறங்கும்; தண்ணீர் குடிக்க வையுங்கள்.

களைப்பு, தலையிடி, கால்வீக்கம் வரலாம். மூக்கும் அடைக்கும். அதைத் தடிமன் என்று நினைத்து பிரிட்டோன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசையைப் போடுவார்கள். எனக்குப் பெரிய பயம் அதில்தான்: புரொஸ்டேற் வீங்கியவருக்கு அந்தக் குளிசை சலத்தை முழுதாக அடைத்துவிடலாம். சலம் அடைத்து அடிவயிறு உப்பினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாபில் போன்ற குளிசைகளும் இதோடு சேர்ந்தால் பிரஷரை ஆபத்தாக இறக்கும். மகளிடம் சொல்லக் கூச்சப்படுவார். வைத்தியரே தனியாகக் கேட்கட்டும். கண்புரைக்கு ஒப்பரேஷன் செய்வதானால், டெராசோசினை நிறுத்தியிருந்தாலும், முன்பு எடுத்ததைக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.