கெப்பில் படகு இழுப்போர் கேட்டவை

வாடை எழும்ப முன்னர் படகைக் கரையேற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் நாட்கள் இவை. வந்த கேள்விகளில் பாதி, கெப்பில், அதாவது பிக்கப் வண்டியில், ட்ரெயிலர் கொழுவுவது பற்றித்தான்.

2.5 லீற்றர் டீசல் கெப். 18 அடி பைபர் படகை இழுக்குமா? (கிண்ணியா)

இழுக்கும். எனக்குப் பயம் பிரேக்கில்தான். படகு, எஞ்சின், எரிபொருள், நனைந்த வலை, ட்ரெயிலரின் சொந்தப் பாரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை லொறித் தராசில் நிறுத்துவிடுங்கள். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். நானும் அந்தக் கணக்கையே பிடிக்கிறேன். வாகனக் கைநூலில் இழுவைக்கு இரண்டு எண்கள் இருக்கும். விளம்பரத்தில் வருவது ட்ரெயிலருக்கு பிரேக் இருந்தால் மட்டும் பொருந்துகிற பெரிய எண்.

கொழுவினால் பின்பக்கம் தாழுது. பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடப் போடலாமா? (மூதூர்)

போட்டால் பார்வைக்கு நிமிரும், பாரம் குறையாது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால், இரண்டு அச்சுக்கும் இடைவெளி 3 மீற்றர் என்று வையுங்கள். ட்ரெயிலர் மூக்கு 150 கிலோ அமத்தினால் முன் அச்சிலிருந்து 60 கிலோ கழன்று, பின் அச்சில் 210 கிலோ ஏறும். ஸ்டியரிங் இலேசாகும், முன் பிரேக்குக்குப் பிடி குறையும். பட்டை இதை மாற்றாது. ஒரு காலம் நானும் மூன்று பட்டை கூட்டிப் போட்டு, வெறும் கெப்பில் உப்புவெளி போய்வரவே இடுப்பு கழன்றது.

முதலில் மூக்குப் பாரத்தை அளந்து பாருங்கள். ட்ரெயிலரை மட்டமாக நிறுத்தி, மூக்குக்குக் கீழே குளியலறைத் தராசும் கட்டையும் வைத்தால் போதும். மொத்தப் பாரத்தில் பத்திலொன்று நல்ல அளவு. அதைவிட நிறையக் கூட என்றால் படகைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். நிறையக் குறைந்தாலும் ஆபத்து, ஓட்டத்தில் வால் ஆடும். எஞ்சின் பின்னால் தொங்குகிற படகுகளில் இதுதான் வழமை. ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேரே பிடித்து, அக்சிலேற்றரை விடுங்கள்.

கூட்டாளியின் ட்ரெயிலர் என் கொக்கி உருண்டையில் கொஞ்சம் லூசாக இருக்கு. பரவாயில்லையா?

பரவாயுண்டு. ட்ரெயிலர் மூக்கிலுள்ள 50 மில்லிமீற்றர் கிண்ணத்துக்குள் 1⅞ அங்குல உருண்டை, அதாவது 47.6 மில்லிமீற்றர், போய் உட்காரும். பள்ளத்தில் துள்ளினால் கழன்றுவிடும். இரண்டிலும் பொறித்திருக்கும் எண் ஒன்றாக இருக்கவேண்டும். சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகக் கொழுவுங்கள்.

ஒவ்வொரு வருசமும் ட்ரெயிலர் பெயரிங் போகுது. மட்டமான சாமானா? (நிலாவெளி)

சாமானில் குற்றமில்லை. ஓடி வந்த சூட்டோடு கடலில் இறக்குகிறீர்கள். பெயரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி, சூடான ஹப், தண்ணீருக்குள் போனதும் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சும். கை வைத்துப் பார்க்கக்கூடியதாகும் வரை, ஒரு தேத்தண்ணி நேரம் நில்லுங்கள். படகுக்கென்று விற்கிற கிறீஸைப் போடுங்கள். லைற் வயரையும் கழற்றிவிட்டு இறக்குங்கள், சூடான பல்ப் வெடிக்கும்.

ஓட்டோ கியர் கெப்பில் தம்புள்ளை வரை இழுக்கலாமா?

ஓவர்டிரைவை, அதாவது மேல் கியரை, நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். கியர் எண்ணெய்க்குத் தனிக் கூலர் இருந்தால் நல்லது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் பகலில் போங்கள். இருட்டில் யானை றோட்டில் நிற்பது தெரியும்போது, பின்னால் ஒரு தொன் தள்ளிக்கொண்டு வரும்.