மழைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாத பைக்: பழி எத்தனாலுக்கா?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் 125 சிசி பைக், கார்புரேட்டர் வண்டி. லிட்டருக்கு 55 கி.மீ. கொடுத்தது, இப்போது 45தான். மழையில் ஒரு வாரம் வாசலிலேயே நின்றது. அதன் பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை. எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதிதான் சரி. எத்தனால் என்பது பெட்ரோலில் கலக்கப்படும் ஒரு வகை ஆல்கஹால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலில் இந்தக் குறைவு ஏறத்தாழ 7 சதவீதம். உங்கள் வண்டிக்கு அது சுமார் 4 கி.மீ. மீதி 6 கி.மீ.க்கு ஏர் ஃபில்டர், டயர் காற்று, உரசும் பிரேக், செயின் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர். உங்கள் பகுதி கடலோரம் என்றாலும், கடல் காற்றின் ஈரம் ஒரு வாரத்தில் இவ்வளவு செய்யாது. டேங்க் மூடியைச் சுற்றி விழும் மழைநீர் வெளியேற ஒரு சிறு துளையும் குழாயும் இருக்கும். அதில் மண் அடைத்தால் நீர் தேங்கி, தேய்ந்த மூடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும். வெறும் பெட்ரோலாக இருந்தால் அந்தத் தண்ணீர் மட்டும் அடியில் கிடக்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும்; அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 லிட்டரில் ஒரு டம்ளர் தண்ணீர் விழுந்தாலே போதும், லிட்டர் கணக்கில் அடியில் பிரிந்து நிற்கும். பெட்ரோல் குழாய் முதலில் இழுப்பது அதைத்தான்.

உறுதி செய்வது எளிது. இன்ஜின் ஆறியதும், நெருப்பில்லாத இடத்தில், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். நடுவே கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, பாட்டிலில் வந்தது முழுக்க அந்தத் தண்ணீர்-எத்தனால் கலவையாகவே இருந்தாலோ டேங்க்கை முழுவதும் காலி செய்தே ஆகவேண்டும். மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். அடியில் இருப்பது அடியிலேயேதான் இருக்கும். வடித்ததைத் தெருக் கால்வாயில் கொட்டவும் வேண்டாம், அந்த அடி அடுக்கும் தீப்பிடிக்கும்.

பிறகு பைலட் ஜெட்டை (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளை) சுத்தம் செய்து, டேங்க் மூடி ரப்பர், பெட்ரோல் ஹோஸ், நீடில் வால்வு (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடுவது), ஃப்ளோட் பவுல் கேஸ்கெட் (கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் கசிவைத் தடுக்கும் வளையம்) நான்கையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். ஹோஸ் வாங்கும்போது இ20 தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். காலையில் இன்னும் மக்கர் செய்தால் பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்க்ரூவை கால் சுற்று திருப்பிப் பார்க்கலாம். அது இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பினால்தான் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே.

கேள்வி: 2019 மாடல் ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வாங்கலாம். 2023 ஏப்ரலுக்கு முன் வந்தது என்பதால் அதன் ரப்பர் பாகங்கள் இ20க்கு என்று செய்யப்பட்டவை அல்ல. ஓனர் மேனுவலில் இ10 (10 சதவீத எத்தனால்) வரை என்று இருந்தால் ஹோஸ், கேஸ்கெட் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்தி, பிசுபிசுப்போ வெடிப்போ இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.