பஸ் வீட்டின் கதவைத் தொட்டால் ஷாக்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய பஸ்ஸை வீடாக மாற்றியிருக்கிறோம். வெளி சப்ளையில் செருகியிருக்கும்போது, தரையில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்கிறது. இன்வர்ட்டரில் ஓடும்போது ஒன்றுமில்லை. லேசான ஷாக்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். டயர் ரப்பர் என்பதால் பாடிக்கு வந்த கரன்ட் தரையில் இறங்க வழியில்லை. கீழே நிற்கும் ஆள்தான் வழி. உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாததும் அதனால்தான். பெரும்பாலும் கேபிளில் எர்த் அறுந்திருக்கும், அல்லது செருகிய பாயின்ட்டிலேயே எர்த் இருக்காது. இன்று சார்ஜர் கசிவு சுரீரென்கிறது. நாளை ஹீட்டர் காயில் பழுதானால் அதே கைப்பிடி ஆளைக் கொல்லும்.

பிளக் வெளியே இருக்க, இன்வர்ட்டரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெயின்ட் சுரண்டிய சேஸிஸுக்கும் (பஸ்ஸின் இரும்பு அடிச்சட்டம்) இடையே 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். உள்போர்டில் நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரன்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய், சப்ளை பக்க ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும். இந்தத் தொடர்பு இருக்கும்போது பாயின்ட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி, எர்த்தும் இல்லாவிட்டால், பஸ் முழுக்க 230 வோல்ட்!

நியூட்ரலும் எர்த்தும் சேர வேண்டிய இடம் சப்ளை கிளம்பும் இடம் மட்டுமே. இன்வர்ட்டரில் ஓடும்போது அந்த இடம் இன்வர்ட்டர். இரண்டையும் இணைக்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உள்ளேயே இருக்கும் மாடலை வாங்குங்கள். வெளி சப்ளை வந்ததும் அதுவே இணைப்பைப் பிரித்துவிடும். மலிவு மாடலில் நீங்களாக இணைத்தால் இன்வர்ட்டரே எரிந்துபோகலாம்.

கேள்வி: மண்ணில் ஒரு கம்பியை அடித்து சேஸிஸோடு கட்டினால் போதாதா?

பதில்: போதாது. அந்தக் கம்பிக்கு 50 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 4.6 ஆம்பியர்தான்; 16 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) அசையாது, பாடியும் லைவாகவே இருக்கும். சப்ளையோடு வரும் எர்த் ஒயரும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும்.

கேள்வி: பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 20 ஆம்பியர் லோடு. 2.5 சதுர மி.மீ. ஒயர் சூடாகிறது.

பதில்: போக, வர 10 மீட்டர், அதில் சுமார் 1.4 வோல்ட் வீணாகிறது. 10 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், ஓட்டத்தின் அதிர்வில் முறியும். பல இழை ஒயரே சரி. ஃபியூஸை பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். ஒயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) மறக்க வேண்டாம்.