கட்டப்பட்டவரும் பேயும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பதினேழு ஆண்டுகளாக அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசிக்கிறேன். சென்ற அக்டோபரில் என் மகள் பள்ளித் தோழிகளோடு ஒரு பேய்ச் சுற்றுலாவுக்குப் போய்வந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. அறிவுசார் குறைபாடு உடையோர் காப்பகமாக இருந்து பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஒரு பழைய கட்டடத்தில் அது நடக்கிறது. போகும்போது உற்சாகமாகப் போனவள், வந்த இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள்தான் சொன்னாள். "கடைசி ரூம்ல ஆஸ்பத்திரி டிரஸ் போட்ட ஒருத்தர் கையை முறுக்கிட்டு, வாயைக் கோணிட்டு கத்தினார்ப்பா. எல்லாரும் சிரிச்சுட்டே ஓடினாங்க. எனக்கு மட்டும் ஊர்ல இருக்கிற அத்தான் சத்தம் மாதிரியே கேட்டுது." என் அக்கா மகனுக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம்.

அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னபோது, அந்த டிக்கெட் பணம் இல்லையென்றால் கட்டடத்தை என்றோ இடித்திருப்பார்கள், அங்கே இருந்தவர்களைப் பற்றி இன்று யாரும் பேசவே மாட்டார்கள் என்றார். யோசித்தால் நம் ஊரிலும் அகால மரணம் அடைந்தவர்கள்தானே சாமியாகி நிற்கிறார்கள்? பேய்க்கதையும் எளிய மக்கள் இறந்தவரை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வழிதானே? அப்படியிருக்க எனக்கு ஏன் இது உறுத்துகிறது? உண்மையிலேயே இது தவறா, அல்லது என் வீட்டுக்காரியம் என்பதால் மட்டும் வரும் கூச்சமா?

எஸ்., நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த நடிகர் எழுப்பியது ஒரே ஒரு சத்தம். உங்கள் அக்கா வீட்டில் அதே போன்ற சத்தத்தில் பசி எது, சிரிப்பு எது, வலி எது என்று பிரித்தறிகிறவர்கள் இருப்பார்கள். ஊருக்கு வந்து பழகிய அளவில் உங்கள் மகளும் அதில் கொஞ்சம் அறிந்திருப்பாள். அந்த அறையிலிருந்து சிரித்தபடி ஓடியவர்களுக்கு அது வாய்க்கவில்லை. உங்களுக்கு வந்திருப்பது கூச்சம் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் அந்த இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை; நானும் கேட்கப்போவதில்லை. பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்ட் காப்பகத்தை வைத்துப் பேசுகிறேன், ஏனென்றால் அங்கே நடந்தவை நீதிமன்றப் பதிவில் இருக்கின்றன. 1908-இல் 'மந்தபுத்தியினருக்கும் வலிப்பு நோயினருக்குமான கிழக்குப் பென்சில்வேனிய அரசு நிலையம்' என்ற பெயரில் தொடங்கி, 1987-இல் மூடப்படும்வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். 1968-இல் பிலடெல்பியாவின் ஒரு தொலைக்காட்சி நிலையம் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட செய்தித் தொகுப்புதான் அந்தச் சுவர்களுக்குள் கேமராவைக் கொண்டுபோனது. கட்டிலோடு கட்டப்பட்ட குழந்தைகளைக் காட்டிய அந்தத் தொகுப்பு, ஒரு குடியிருப்பவருக்கு அரசு ஒரு நாளைக்குச் செலவிட்ட தொகை, மிருகக்காட்சிசாலை ஒரு விலங்குக்குச் செலவிடுவதைவிடக் குறைவு என்பதையும் சொன்னது. 1974-இல் வழக்குத் தொடரப்பட்டது. 1977-இல் நீதிபதி ரேமண்ட் பிராடரிக், அங்கே அடைத்து வைத்திருப்பது குடியிருப்பவர்களின் உரிமைகளை மீறுவது என்று தீர்ப்பளித்தார். அப்போது அங்கிருந்தவர்கள் சராசரியாக இருபத்தொரு ஆண்டுகளை அதற்குள் கழித்திருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் ஒரு பெண்ணைப் பற்றிய சில வரிகள் வருகின்றன. அவர் கட்டிவைக்கப்பட்டிருந்த நேரம் மாதவாரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 1976 ஜூனில் 651 மணி 5 நிமிடம். ஆகஸ்டில் 720 மணி. ஆகஸ்ட் மாதத்தில் மொத்தமே 744 மணி நேரம்தான் உண்டு. கழித்துப் பார்த்தால், அந்த மாதம் முழுவதிலும் அவர் கைகால்கள் விடுபட்டிருந்தது ஒரே ஒரு நாள் அளவுக்கு. குடியிருப்பவர்கள் இப்படிக் கட்டிவைக்கப்பட்டதற்கு ஆட்பற்றாக்குறையும் ஒரு காரணம் என்பது வழக்கில் வெளிப்பட்டது. 1972-இல் நாற்காலியில் கட்டப்பட்டிருந்த பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று அந்தக் கட்டாலேயே கழுத்து இறுகி இறந்ததையும் அதே தீர்ப்பு பதிவு செய்கிறது. எனக்கு இதில் விலகாமல் நிற்பது அந்த 'ஐந்து நிமிடம்'. யாரோ ஒரு ஊழியர் கடிகாரத்தைப் பார்த்து, கணக்குப் பிசகாமல், நிமிடம்வரை எழுதியிருக்கிறார். அதை ஒவ்வொரு மாதமும் யாரோ கூட்டியும் இருக்கிறார்கள்.

2010-இல் இதே வளாகத்தில், ஹாலோவீன் என்னும் அக்டோபர் மாதப் பேய் வேட விழாவுக்காக, டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பயந்து வரும் பயங்கர வீடு ஒன்று திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளி அமைப்புகளும், அங்கே இருந்தவர்களின் குடும்பங்களில் பலரும் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டதை என் சொற்களில் இப்படிச் சொல்வேன். மேலே சொன்ன பதிவில் பயந்தவர் யார்? கட்டப்பட்டவர். பயமுறுத்தியது எது? வார், பூட்டிய கதவு, வராத ஆள், ஒதுக்கப்படாத பணம். பயங்கர வீட்டிலும் அதே கட்டில், அதே வார், அதே அங்கி இருக்கின்றன. ஆனால் அங்கே டிக்கெட் வாங்கியவர் பயப்பட வேண்டியது கட்டப்பட்டவரைப் பார்த்து. கட்டியவர் கதையிலேயே இல்லை, அல்லது ஒரு பைத்தியக்கார டாக்டராகி நிற்கிறார். பென்ஹர்ஸ்டை நடத்தியது ஒரு கிறுக்கு டாக்டர் அல்ல. சட்டமன்றமும் வரவுசெலவுத் திட்டமும், வேறு வழி இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையும் சேர்ந்து நடத்திய இடம் அது.

இந்தத் தலைகீழாக்கத்தைத் தற்செயலான ரசனைக் குறைவு என்று விட்டுவிட முடியாது. இத்தகைய நிலையங்கள் எழுப்பப்பட்டதே ஒரு பயத்தின்மேல்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'மந்தபுத்தியினர்' பெருகிச் சமூகத்தைக் கெடுத்துவிடுவார்கள், அவர்களைத் தனியே ஒதுக்கி வைக்கவேண்டும், பிள்ளை பெறவிடக் கூடாது என்று படித்தவர்கள் மேடைபோட்டுப் பேசினார்கள். வர்ஜீனியாவில் ஒரு காப்பகத்திலிருந்த இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1927-இல் செல்லும் என்றது. ஒரு கூட்டத்தாரை ஆபத்தானவர்கள் என்று காட்டிக் கட்டிய வீட்டுக்குள், நூறு ஆண்டு கழித்து, அதே கூட்டத்தாரை ஆபத்தானவர்களாக வேடம் கட்டிக் காட்டுகிறார்கள்.

நாட்டார் தெய்வங்களைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். நல்லதங்காளை எடுத்துக்கொள்ளுங்கள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள், அண்ணி சோறு போடாமல் விரட்டினாள், பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அண்ணியின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்: மூளி அலங்காரி. நம் கதைசொல்லிகள் இறந்தவளை மட்டும் நினைவில் வைக்கவில்லை, சாகவைத்தவளையும் தப்பவிடவில்லை. சோறு மறுத்தவளின் பெயர் இத்தனை தலைமுறை கடந்தும் வசைச்சொல்லாக நிற்கிறது. கொலையுண்டவர் தெய்வமாகும் பல கதைகளில், கொன்றவரின் வம்சமே பயந்து படையல் வைக்கிறது. பயப்பட வேண்டியவர் யார் என்பதில் அந்த மரபுக்குக் குழப்பமே கிடையாது. பெயர் இல்லாத, ஊர் இல்லாத, யாருக்கும் உறவில்லாத 'நோயாளி ஆவி' எதுவும் நம் ஊர்ப் பீடத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

உங்கள் நண்பரின் வாதத்தை அப்படித் தள்ளிவிடவும் மாட்டேன். மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் ஊரில் 1864-இல் திறந்த மனநோய் மருத்துவமனை ஒன்று உண்டு. 250 பேருக்கென்று கட்டிய இடத்தில் 1950-களில் 2,400 பேர் இருந்தார்கள். 1994-இல் மூடினார்கள், 2007-இல் ஒருவர் அதைப் பதினைந்து லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். இன்று அங்கே பகலில் வரலாற்றுச் சுற்றும் இரவில் பேய்ச் சுற்றும் நடக்கின்றன. அந்தப் பிரம்மாண்டமான கல் கட்டடத்துக்குக் கூரை வேய, அரசு தராத பணத்தைப் பேய் தந்திருக்கிறது. கூரை இல்லாவிட்டால் வரலாறும் இல்லைதான். ஆனால் வாங்கியவர்கள் மருத்துவமனை கடைசியாகக் கொண்டிருந்த பெயரை விட்டுவிட்டு, 'பைத்தியக்கார விடுதி' என்ற பழைய பெயரையே பலகையில் மீண்டும் எழுதினார்கள். கூரைக்குப் பணம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்தப் பெயரும் வேண்டும் என்பதை ஏற்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாதத்தின் இன்னொரு பாதியும் இடிக்கிறது. கட்டடம் நின்றால் அங்கிருந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள் என்கிறார் உங்கள் நண்பர். உங்கள் மகளும் தோழிகளும் வீடு திரும்பும் வழியில் காரில் அவர்களைப் பற்றி என்ன பேசினார்கள்?

பேய் தேடுவோர் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் வேடம் கட்டுவதில்லை, தாங்கள் செய்வது ஆராய்ச்சி என்கிறார்கள். இரவில் காலியான கூடங்களில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, தரையில் ஒரு பந்தையோ பொம்மையோ போட்டு, "இங்கே யாராவது இருக்கிறாயா, பேசு" என்று கேட்பார்கள். பென்ஹர்ஸ்டில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்னும் உண்டு, பேசுகிறவர்களும் உண்டு, பேசி மறைந்தவர்களும் உண்டு. ரோலண்ட் ஜான்சன் 1958-இல், பன்னிரண்டு வயதில் உள்ளே அனுப்பப்பட்டுப் பதின்மூன்று ஆண்டு கழித்து வெளியே வந்தவர். பின்னாளில் பிலடெல்பியாவில் குறைபாடு உடையோர் தாங்களே நடத்திய அமைப்புக்குத் தலைவராகி, மேடைகளில் பேசினார். உள்ளே தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறை உட்படத் தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிப் பதிவு செய்துவிட்டு 1994-இல் இறந்தார். அவர் குரலைக் கேட்க இருட்டும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. உயிரோடு பேசியவரைக் கேட்காமல் இறந்தவரிடம் போய்ப் பேசு என்று கெஞ்சுவது எனக்கு விளங்கவே இல்லை.

ஆகவே, மூடிய காப்பகங்களுக்கு யாருமே போகக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போகத்தான் வேண்டும். எந்தக் கதை, எந்த வேளையில், எந்தப் பெயரில் சொல்லப்படுகிறது என்பதை அங்கே இருந்தவர்களும் அவர்களைப் போன்றவர்களும் முடிவு செய்கிறார்களா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. ஆலோசனைக் குழுவில் ஒரு நாற்காலி போட்டுவிட்டு வேறு யாரோ முடிவெடுப்பதைச் சொல்லவில்லை. 'இந்த அறையை மூடுங்கள்' என்று அவர்கள் சொன்னால் அது மூடப்பட வேண்டும்.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். மாசசூசெட்ஸில் வால்தம் என்ற ஊரில், பெர்னால்டு என்னும் காப்பகத்திலும் பக்கத்து மனநல மருத்துவமனையிலும் இறந்தவர்களுக்கான இடுகாடு ஒன்று மரங்களுக்கிடையே இருக்கிறது. 1947-இலிருந்து 1979 வரை ஏறத்தாழ 300 பேரை அங்கே புதைத்தார்கள். கல்லில் பெயர் கிடையாது. கத்தோலிக்கர் என்றால் 'சி', புராட்டஸ்டன்ட் என்றால் 'பி', அதையடுத்து ஓர் எண், அவ்வளவுதான். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், உங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்கள், தங்கள் ஆசிரியரோடு சேர்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவர் யார் என்று தேடத் தொடங்கினார்கள். இறந்தவரின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்று மருத்துவமனைக் கோப்புகளை அப்போது அரசு எளிதில் தரவில்லை. எனவே மக்கள்தொகைக் கணக்கு, இறப்புச் சான்றிதழ், பழைய செய்தித்தாள் என்று பொதுவில் கிடைப்பதை வைத்தே, எங்கே பிறந்தார், யாருக்கு மகள், எப்போது உள்ளே வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பை எழுதி வெளியிட்டார்கள். அவை இணையத்தில் இருக்கின்றன. அடுத்த அக்டோபரில் தோழிகள் மறுபடி கூப்பிடும்போது, அவற்றில் ஒன்றிரண்டை அவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அத்தானைப் பற்றியும் சொல்லலாம், அவளுக்கு விருப்பம் இருந்தால்.

அன்புடன்.