எக்கோ திரையில் சிவப்பும் நீலமும்

கேள்வி: வயது 53. சர்க்கரை உண்டு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தபோது திரையில் சிவப்பும் நீலமும் சேர்ந்து தெரிந்தன. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்தால் அப்படித் தெரியும், இதயத்தில் ஓட்டை என்று ஒரு யூடியூப் வீடியோவில் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் 'ட்ரிவியல் டி.ஆர்., இ.எஃப். 62%, நார்மல்' என்று இருக்கிறது. மூன்று முறை எக்கோ எடுத்துவிட்டேன், கதிர்வீச்சு பாதிக்குமா? இரண்டு மாதமாக மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடும். எக்கோ நார்மல் என்பதால் கேஸ் மாத்திரை போடுகிறேன்.
- வாசகி, திருச்சி

பதில்: ரத்தம் கலக்கவில்லை, அம்மா. அந்த வீடியோ சொன்னது தவறு. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்பது எக்கோ கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒலி மட்டும்தான். நெஞ்சில் வைக்கும் புரோப், நொடிக்கு 20 முதல் 40 லட்சம் முறை அதிரும் ஒலியை உள்ளே அனுப்புகிறது. உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும் அந்த ஒலி, தசையிலும் வால்விலும் பட்டுத் திரும்புகிறது. திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. ஓடும் ரத்த அணுக்களில் பட்டு வரும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறும். ரத்தம் புரோப்பை நோக்கி வந்தால் கூடும், விலகிப் போனால் குறையும். கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று கருவி நிறம் தீட்டுகிறது, அவ்வளவுதான். இதயத்தின் நுனிப் பக்கமிருந்து பார்த்தால், இடது கீழறைக்குள் இறங்கும் ரத்தம் சிவப்பாகவும், அதே ரத்தம் மகாதமனிக்குக் கிளம்பும்போது நீலமாகவும் தெரியும். இரண்டுமே நுரையீரலிலிருந்து வந்த நல்ல ரத்தம்.

ஒலியில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. ட்ரிவியல் டி.ஆர். என்பது இதயத்தின் வலப்பக்க வால்வில் ஆரோக்கியமான பலருக்கும் இருக்கும் சிறு கசிவு, மறந்துவிடுங்கள். இ.எஃப். என்பது இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் பங்கு. 62% நல்ல அளவு.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மாடி ஏறினால் இறுக்கம், நின்றால் நிவாரணம் என்பது கேஸ் அல்ல. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் இப்படித்தான் வரும். நீங்கள் படுத்திருக்கும்போது எடுத்த எக்கோ, தசை எப்படிச் சுருங்குகிறது, வால்வு எப்படித் திறக்கிறது என்பதைக் காட்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் குழாய்களின் அடைப்பை அது காட்டாது. குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும் ஓய்வில் தசைக்கு வேண்டிய ரத்தம் கிடைத்துவிடும், அதனால் தசை நன்றாகவே சுருங்கும். மாடிப்படியில்தான் பற்றாக்குறை தெரியும். சர்க்கரை உள்ளவர் இதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கேஸ் மாத்திரையை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது, போதும். நாளையே இதய மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட்டைக் காட்டுவதோடு மாடி ஏறும்போது வரும் இறுக்கத்தை முதலில் சொல்லுங்கள். ஈ.சி.ஜி. எடுப்பார், அப்புறம் டிரெட்மில்லா (நடக்கவைத்து ஈ.சி.ஜி. பார்ப்பது), ஆஞ்சியோகிராமா (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது) என்று அவர் முடிவு செய்வார். நீங்களாகப் போய் டிரெட்மில் எடுக்க வேண்டாம். அதுவரை வேகமாகப் படி ஏறாதீர்கள். சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் சில நிமிடங்களில் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.